வெள்ளை விழுந்த நந்தியாவட்டை

1946 நவம்பர் 6, புதன்

விடாத மழை. ஹார்பரில் சரக்கு இறக்கவில்லை. மதியமே வீடு. மகள் கிருபை வழக்கம்போல் கிணற்றடி நிழலில், அவள் நந்தியாவட்டையோடு. ஏரலில் மச்சினன் வீட்டுச் செடியில் ஒரே ஒரு கொப்பு மட்டும் இலையெல்லாம் வெள்ளைத் திட்டாக வந்தது. அதை வெட்டி வந்து மூன்று வருடமாக வளர்க்கிறாள். வெயில் பட்டால் வெள்ளை கருகுமாம். முழுப் பச்சையாகத் துளிர் வந்தால் உடனே கிள்ளுகிறாள். விட்டால் செடி முழுக்கப் பச்சை ஏறிவிடுமாம். பெற்ற பிள்ளை மாதிரிதான்.

சாயங்காலம் அக்கா வந்தாள். சனிக்கிழமை சாத்தான்குளத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். பையன் வாத்தியார். கிருபையின் கையில் இருப்பதை அவர்களிடம் சொன்னாயா என்றேன்.

"முடிஞ்ச பொறவு சொல்லிக்கிடலாம்ல."

7, வியாழன்

வாங்க: காப்பித்தூள், ரவை, நெய் (கிடைத்தால்). முழுக்கை ஜாக்கெட், தையல்காரரிடம்.

கிருபைக்கு இடது முழங்கையில் வெண்புள்ளி. சின்னதில் பொட்டளவு, இப்போது உள்ளங்கை அகலம். தொத்தாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரார் டாக்டர் பேச்சையா கேட்கிறார்கள்?

அக்கா கிணற்றடியைப் பார்த்தாள். "ஏலே, அந்தச் செடிய மொதல்ல புடுங்கு. வாரவங்க கண்ணுல பட்டா ஒண்ணு கெடக்க ஒண்ணு நெனப்பாவ."

8, வெள்ளி

கிருபை ஜெபக்கூட்டம் போன நேரம் பிடுங்கினேன். வேர் லேசில் வரவில்லை. மண்வெட்டி. ஓடையில் போட்டேன், மழைத்தண்ணீர் இழுத்துப் போயிற்று.

வந்து பார்த்தாள்.  ராத்திரி சாப்பிடவில்லை.

9, சனி

வந்தார்கள். நல்ல மாதிரி. பையனின் அம்மா கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். "இங்கன என்னம்மா குழி?" சும்மா கேட்டதுதான். நான் வாயெடுக்குமுன் கிருபை:

"ஒரு செடி நின்னுச்சி அத்தை. இலை இந்த மாதிரி இருக்கும்."

ஜாக்கெட் கையைச் சுருட்டிக் காட்டிவிட்டாள்.

ஆறு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்கள். அப்போது மணி நாலு. காப்பி அப்படியே.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்குக் கிருபைமேல் கோபமே வரவில்லை. என்னை நினைத்துத்தான் வெட்கம்.

17, ஞாயிறு

வெயில். கோயிலுக்குப் போகாமல் ஏரல் போனேன். மச்சினன் செடியில் மறுபடி வெள்ளைக் கொப்பு. மூன்று துண்டு வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கிருபை முன்னால் வைத்தேன். ஒன்பது நாளில் இன்றுதான் என்னிடம் பேசினாள்.

"நட்டா பிடிக்கும்ப்பா. அடுத்தாப்புல யாராவது பாக்க வருவாவ. நீங்க திரும்பப் புடுங்குவிய."

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.