போனில் இடமில்லை

செப். 1, திங்கள்

காலையில் மேகம். மழை இல்லை. அப்பா விடியும் முன்பே வாடாமல்லி பறிக்கப் போய்விட்டார். ஓணம் வருவதால் இந்த வாரம் பூவுக்கு விலை.

பழநி ரோட்டுப் பள்ளியிலிருந்து பதில். கணக்கு டீச்சர் வேலை. மூன்று நிமிடம் பாடம் நடத்தி வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். வெள்ளி மாலை ஐந்து மணி கடைசி. பிடித்தால் நேரில் கூப்பிடுவார்களாம். பி.எட். முடித்த பிறகு எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டேன். பதில் வந்தது இங்கிருந்து மட்டும்.

பாடம்: பின்னம், ஐந்தாம் வகுப்புக்கு. ஒரு கொய்யாப் பழமும் கத்தியும் போதும். ஆயக்குடிக் கொய்யா இரண்டு கிலோ வாங்கினேன்.

ஆளில்லாத அறையில் போனைப் பார்த்துப் பேச வரவில்லை. இருட்டும் வரை எடுத்தேன். ஒன்றும் சரியில்லை.

செப். 2, செவ்வாய்

வெயில். எடுத்துக்கொண்டிருக்கும்போதே போன் நின்றுவிட்டது. சேமிக்க இடமில்லையாம்.

என் போன் என்று பெயர்தான். அப்பாவிடம் பட்டன் போன், அதனால் பூ மார்க்கெட் குரூப் இதில். கொடைரோட்டிலிருந்து அக்கா அனுப்பும் குழந்தை வீடியோக்கள் இதில். சித்தப்பாவின் காலை வணக்கங்களும் இதில்தான். தினமும் ஒரு ரோஜா, ஒரு முருகன்.

அழிக்க உட்கார்ந்தேன். அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அங்கேதான் கெட்டது. ஒவ்வொன்றையும் கடைசிவரை பார்த்துவிட்டு இது இருக்கட்டும் என்றாள். குழந்தை குப்புற விழுந்தது, இருக்கட்டும். விழப் பார்த்து அப்படியே தூங்கிப்போனது, அதுவும் இருக்கட்டும். முருகனை அழிக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். ரோஜா மட்டும் போகலாம் என்று உத்தரவு.

அப்பா கட்டிலில் படுத்தபடியே, கிணறு நிரம்பின வீடியோவைத் தொட்டுவிடாதே என்றார். போன ஐப்பசியில் எடுத்தது. வெறும் தண்ணீர். பின்னால் அப்பா யாரையோ கூப்பிட்டுச் சிரிக்கிற சத்தம். தொடவில்லை.

நான் எடுத்த பாடங்களையும் தொடவில்லை. அதில் ஒன்றாவது தேறும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் தட்டு நிறைய வெட்டின கொய்யா. அம்மா அதைப் பார்த்தாள். "ஏண்டி, சோத்துக்கு வெஞ்சனமும் இதுதானா?"

செப். 3, புதன்

அத்தனை ரோஜா போயும் ஒரு துளி இடம் கூடவில்லை. அழித்ததெல்லாம் போனுக்குள்ளேயே ஒரு குப்பைத்தொட்டியில் ஒரு மாதம் கிடக்குமாம். அதையும் காலி செய்தேன். ஒரு வீடியோ எடுக்க முடிந்தது, அதுவும் பாதிதான்.

மார்க்கெட் குரூப்பில் பழைய விலைப் பலகைப் படங்களை அப்பாவிடம் கேட்டு அழித்தேன். அப்பா தாராளம். "போன விலையப் பாத்து என்ன செய்ய, அழி பாப்பா."

சாயங்காலம் இடி. நாலு தூறல். மறுபடி புழுக்கம்.

செப். 4, வியாழன்

மெமரி கார்டு வாங்கத் திண்டுக்கல் போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மொபைல் கடை. கடைக்காரர் போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மாடலில் கார்டு போட வழியே இல்லை என்றார். எது இடத்தை அடைக்கிறது என்று பார்ப்போம் என வீடியோக்களைத் திறந்தார். வரிசை வரிசையாக என் முகம். அதே பச்சைச் சுடிதார்.

"எல்லாத்துலயும் நீங்கதான்மா இருக்கீங்க."

கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைத் தொட்டுவிட்டார். கடை முழுக்க என் குரல். இது முழுப் பழம், நாலாக வெட்டுகிறேன், மூன்று துண்டை எடுத்துவிட்டால் தட்டில் எவ்வளவு இருக்கும்? அத்தோடு நின்றது.

பக்கத்தில் கட்டைப்பையோடு ஒரு அக்கா, போனுக்குக் கண்ணாடி ஒட்டக் காத்திருந்தவர். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கால் பழம். சரியா டீச்சர்? ஏன் நிப்பாட்டிட்டீங்க?"

கால்தான் அக்கா, நாலு துண்டில் ஒரு துண்டு என்று சொல்லிவிட்டேன். சத்தமாக. கடையில் அத்தனை பேர் முன்னால். அதற்குப் பிறகுதான் முகம் சுட்டது. போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடைக்காரருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஒலியை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாமே அதே கேள்வியில் நிற்கின்றன. கேட்கிறேன். யாரும் பதில் சொல்வதில்லை. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று தெரியாமல் கண் அலைகிறது. கை நீண்டு வந்து நிறுத்துகிறது. வகுப்பு என்றால் யாராவது ஏதாவது சொல்வார்கள். தப்பாகவாவது.

சின்னாளபட்டி தாண்டும்போது எல்லாவற்றையும் அழித்தேன். குப்பைத்தொட்டியையும். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. ஆம். போனில் இப்போது எக்கச்சக்க இடம். தேறும் என்று நம்ப ஒன்றும் மிச்சமில்லை.

செப். 5, வெள்ளி

இன்று ஓணம். பூ அனுப்புவது நேற்றோடு முடிந்தது. விலை இறங்கிவிட்டது. அப்பா பகலில் தூங்குகிறார்.

கரண்ட் போய் மூன்றரைக்கு வந்தது. அம்மாவை போனுக்குப் பின்னால் உட்காரச் சொன்னேன். நான் கேட்பேன், தோன்றுவதைச் சொல்லு, வேறு எதுவும் பேசாதே என்றேன். நான் படிக்காதவள், என்னை எதற்கு இழுக்கிறாய் என்றாள். முடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

வெட்டினேன். மூன்றை எடுத்தேன். கேட்டேன். அம்மா தட்டை எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை கை நீளவில்லை. காத்திருந்தேன்.

"ஒரு துண்டு."

சரி, மொத்தம் எத்தனை துண்டில் ஒரு துண்டு?

"நாலுல ஒண்ணு. இதுக்கா இம்புட்டு நாளாத் தொண்டத்தண்ணி வத்தக் கத்துன?"

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே, சுவரில் சாய்த்து வைத்திருந்த கரும்பலகையில் எழுதினேன்: மேலே ஒன்று, கீழே நான்கு. கீழே ஏன் நான்கு என்பதையும் சொன்னேன். ஒரு இடத்தில் எட்டு என்று உளறித் திருத்தினேன். பாடம் முடிந்தது. முதல் தடவையாக முடிந்தது.

ஓட்டிப் பார்த்தேன். அம்மா சொன்னது அத்தனையும் விழுந்திருக்கிறது. என் சிரிப்பும். இன்னும் நேரம் இருந்தது, இடமும் இருந்தது. வேறு எதுவும் பேசாமல் இன்னொரு தடவை எடுப்போம் என்று கூப்பிட்டேன்.

அம்மா அதற்குள் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவையா? எனக்குத்தான் பதில் தெரிஞ்சுபோச்சே."

நாலேகாலுக்கு அதையே அனுப்பினேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். திரும்பி வந்து பார்த்தபோது இரண்டு டிக்கும் நீலம்.