நான்காம் பாகத்தைத் திட்டாதவன்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, சிப்காட் கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில், நம் ரசிகர் குழு ஒரு முக்கியத் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. நான்காம் பாகம் வெளியாகும் வெள்ளிக்கிழமை வரை அந்தப் படத்தைப் பற்றி உறுப்பினர் எவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாது. காதர் முன்மொழிந்தான், சுகுமார் வழிமொழிந்தான், மீதி நான்கு பேரும் பஜ்ஜி தின்றபடியே கையைத் தூக்கினோம்.

கையைத் தூக்கும்போது நான் மேலே பார்த்துவிட்டேன். மூன்றாம் பாகத்துக்கு நாம் அடித்த பேனர்தான் இப்போது அந்தக் கடைக்குக் கூரை. வெயிலில் கதாநாயகன் முகம் வெளுத்து, மீசை மட்டும் மிச்சம். ஓரத்தில் தபால்தலை அளவில் நம் ஏழு பேர் படங்கள். உன்னுடையது மட்டும் நிழலில் மாட்டிக்கொண்டதால் அப்படியே இருக்கிறது. கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இரும்பு மில்லில் கிரேன் கேபினிலிருந்து எங்களைப் பார்ப்பாயே, அதே பார்வை.

முதல் பாகத்தைப் பொன்னேரியில் பார்த்தோம். கதாநாயகன் கிரேன் ஓட்டுபவன் என்பதற்காகவே நீ மூன்று ஷிப்டிலிருந்தும் ஆள் திரட்டினாய். உச்சக்கட்டத்தில் அவர் நெம்புகோலைத் தப்பான பக்கம் இழுக்க, நீ எழுந்து நின்று, "யோவ், அந்தப் பக்கம்யா! கீழ ஆளு நிக்கிறான்!" என்று கத்தினாய். தியேட்டரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கிரேனுக்குக் கீழே நின்று உனக்குக் கைச் சைகை காட்டுகிற ஆள் நான்தான். என் கையை நம்பித்தான் நீ இரும்பை இறக்குவாய். உன்னை நம்பித்தான் நான் அடியில் நிற்பேன்.

இரண்டாம் பாகம் வருவதற்கு முன் ஆறு மாதம் புகழ்ந்தோம். படத்தில் அவர் கிரேனை விட்டுவிட்டு வெளிநாட்டில் உளவு பார்க்கப் போனார். படம் படுத்துவிட்டது. அந்த எரிச்சலில் மூன்றாம் பாகத்தைப் போஸ்டர் ஒட்டிய நாளிலிருந்து வைதோம். அவர் கிரேனுக்குத் திரும்பினார், நெம்புகோலைச் சரியான பக்கம் இழுத்தார், நீ எட்டுத் தடவை பார்த்தாய். பிறகு சட்டம் இயற்றினாய்: "புகழ்ந்தோம், பூட்ச்சி. திட்னோம், தேறிச்சி. இனிமே ரிலீசுக்கு முன்னாடி எவனும் நல்லதா ஒரு வார்த்த பேசக் கூடாதுபா." இரண்டு சோதனைகள், இரண்டு முடிவுகள். இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் கட்சிகளே நடக்கின்றன.

உனக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் திருவள்ளூரில் டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகும் அந்தச் சட்டம் அமலில் இருந்தது. நான்காம் பாகத்தின் டீசர் வந்த அன்று உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. ஃபோனை உன் முகத்துக்கு நேரே பிடித்தேன். தலை நரைத்த கதாநாயகன் கிரேன் ஏணியில் ஏறுகிறார். பாதியில் நிற்கிறார். மூச்சு வாங்குகிறது. மேலே பார்க்கிறார். அவ்வளவுதான்.

நீ அதை நான்கு தடவை போடச் சொன்னாய். பிறகு கேட்டாய்: "நல்லா இருக்குமாடா? ரிலீசுக்கு நாலு மாசம் கீது. இருந்து பாக்கலாமா?"

நான் முகத்தைத் துளியும் மாற்றாமல் சொன்னேன்: "குப்பையா இருக்கும். பாக்காம இருக்கறதே மேலு."

சட்டப்படி நீ சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. "செரி, வுடு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அந்தக் கேள்வி படத்தைப் பற்றியது அல்ல என்பது எனக்கு ரயிலில் ஏறிய பிறகும் உறைக்கவில்லை.

உன் காரியத்தன்று உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அன்னிக்கு இன்னாண்ணா சொன்னீங்க அவராண்ட? அதுவரைக்கும் காலண்டர்ல அந்தத் தேதிய வட்டம் போட்டு எண்ணிக்கினு இருந்தாரு. நீங்க வந்துட்டுப் போனப்புறம், அடுத்த தபா டயாலிசிஸுக்கு வர மாட்டேன்னுட்டாருணா. 'இன்னாத்துக்கு?'ன்னாரு."

"படத்தப் பத்தித்தாம்மா பேசினோம்" என்றேன். அது உண்மைதான்.

டயாலிசிஸுக்கு வந்திருந்தாலும் உன் இதயம் எப்படியும் தாங்கியிருக்காது என்றார் டாக்டர். மூன்று தடவை போய்க் கேட்டேன், மூன்று தடவையும் அதையே சொன்னார். நான்காவது தடவை என்னைப் பார்த்ததும் வேறு படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டார்.

இப்போது குழு மும்முரமாக வைகிறது. ஹீரோவுக்கு வயசாகிவிட்டது என்கிறான் காதர். மூன்றிலேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்கிறான் சுகுமார். சொல்லிவிட்டு இருவரும் தனித்தனியே டீசரைப் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் படம் நன்றாக வர வேண்டும். எனக்கு மட்டும் எதை வேண்டுவது என்று தெரியவில்லை. நன்றாக இருந்தால், அதை உன்னிடமிருந்து பிடுங்கியவன் நான். மோசமாக இருந்தால் எனக்கு ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

இத்தனை வருடத்தில் உனக்கு நான் தப்பான சைகை காட்டியது அந்த ஒரு தடவைதான்.

அதனால் அன்று டீக்கடையில், தூக்கிய கையை இறக்கினேன். பேனரைப் பார்த்துச் சொன்னேன்: "நல்லா இருக்கும்."

காதர் டம்ளரைக் கீழே வைத்தான். "இன்னாடா பேசற? தீர்மானம் போட்ட டீயே இன்னும் ஆறல."

"படம் நல்லா இருக்கும். இருந்து பாக்கலாம்."

"வாயக் கழுவுடா மொதல்ல! படம் ஊத்திக்கிச்சுனா நீதான் பொறுப்பு."

"வுடு காதரு" என்றான் சுகுமார். "அவன் நம்மகிட்ட பேசல."

இன்னும் பலமாகச் சொன்னேன். லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ கருப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

அந்த ஏணிக் காட்சி என் ஃபோனில் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து உடை மாற்றும்போது ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன். பாதியில் நிற்கிறார், மேலே பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் என் வலது கை தானாக எழுந்து, உனக்குக் காட்டுவேனே, "தூக்கு" என்று, அந்தச் சைகையைக் காட்டுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் ஏன் என்று கேட்பதில்லை.

ஞாயிறு மாலையே வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். முதல் காட்சி டிக்கெட்டெல்லாம் காதரிடம் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட்.