மிஸ்ஸின் வலது, என் இடது

செப்டம்பர் 7, ஞாயிறு
ஸ்ரீரஞ்சனி மிஸ் என் கமெண்ட்டுக்குப் பதில் போட்டுவிட்டார்! "சோனியா, ஹெப்பகோடிதானே? அடுத்த வாரம் கிளாஸுக்கு வா." உடனே ஸ்க்ரீன்ஷாட். அதுதான் இப்போது வால்பேப்பர். மூன்று வருடமாக அவர் வீடியோக்களைப் பார்த்து, கட்டிலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் நானாகக் கற்ற பரதநாட்டியம்!

தம்பி நாகேஷ் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாமா ஸ்க்ரீன்ஷாட்டு?" என்றான்.

செப்டம்பர் 14
மிஸ் வீடியோவில் தெரிவதைவிடக் குள்ளம். குரல் மட்டும் தெருமுனை வரை கேட்கிறது.

அவர் கதை எனக்கு மனப்பாடம், ஃபேன் பேஜ் நடத்துகிறேனே. பகலில் பெங்களூர் பீன்யாவில் கணக்கு வேலை, சாயங்காலம் ஒரு கார் ஷெட்டில் கிளாஸ். ஃபேக்டரி அக்காக்களையும் சேர்த்துக்கொண்டார் என்று அவருடைய பழைய டீச்சர் பேச்சையே நிறுத்திவிட்டாராம். மிஸ் கிளாஸை நிறுத்தவில்லை. அந்த ஷெட்டில் ஆடியவர்கள் இன்று தனியாகக் கிளாஸ் எடுக்கிறார்கள்.

நவம்பர் ஒன்று, கன்னட ராஜ்யோத்சவா விழாவுக்குச் சந்தாபுராவில் குரூப் டான்ஸ். "நீயும் வரிசைல நில்லு" என்றார். நான்! மேடையில்!

செப்டம்பர் 21
மானம் போச்சு.

எல்லோரும் வலது பக்கம் போக, நான் இடது பக்கம் போய், பக்கத்தில் ஆடிய தாரணி மேல் மோதினேன். மறுபடியும். மிஸ் தாளம் போடும் தட்டுக்கழியைக் கீழே வைத்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தது உனக்கு?"

"நீங்கதான் மிஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகுதான் புரிந்தது. வீடியோவில் மிஸ் என்னைப் பார்த்து ஆடுவார். அவருடைய வலது கை என் இடது கைப் பக்கம் இருக்கும். நான் கண்ணாடி மாதிரி அப்படியே செய்திருக்கிறேன். மூணு வருஷமும் மாத்தி மாத்தி. ச்சே, இது கூடவா தெரியல எனக்கு? ஃபேன் பேஜு வேற.

அக்டோபர் 5
மாற்றிப் பார்க்கிறேன். வரவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் இடது கால் முந்திக்கொள்கிறது.

மிஸ் என்னை குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார். "மேடைல மோதிக்கினா தாரணிக்கும் அடிபடும் கண்ணா. இந்த வருஷம் வேணாம்." திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. பேஜை டெலிட் பண்ணிடலாமா?

பண்ணல. மிஸ் என்ன தப்பு பண்ணாங்க?

அக்டோபர் 12
குட்டிப் பசங்க கிளாஸ். மிஸ் எப்போதும் முதுகைக் காட்டித்தான் ஆடிக் காட்டுவார். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பாதி பேர் ஜன்னல் பக்கம் ஓடியிருப்பார்கள். இன்று திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

"பசங்களப் பாத்து நின்னு ஆடு. உனக்கு வர்ற மாதிரியே."

நான் இடது காலைத் தட்டினேன். எதிரே எல்லோரும் வலது காலைத் தட்டினார்கள்.

யாரும் ஓடவில்லை. ஒரு வாண்டு, "அக்கா, இன்னொந்து சலா!" என்று மறுபடி ஆடச் சொன்னது.

மிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எதிர்ல நின்னு மாத்தி ஆட எனக்கு இன்னிக்கி வரைக்கும் வரல. ரெண்டு அடி வெச்சா கொழம்பிடுவேன். இவங்களையும் மேடை ஏத்தலாம். நீ சொல்லிக் குடு."

அக்டோபர் 19
பசங்களுக்குக் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்துத் தொண்டை கட்டிவிட்டது. ஜாலி.

நவம்பர் 1, சனி
மேடையில் பசங்க. கீழே, முதல் வரிசைக்கும் முன்னால், நான். கூட்டம் அவர்களைப் பார்த்தது. அவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தர் காலும் தப்பவில்லை.

மிஸ் போட்டோ போட்டிருக்கிறார். மேடை நிறையப் பசங்க, கீழே ஓரமாக என் பின்னந்தலை. 'நம்ம சோனியா டீச்சர்' என்று எழுதியிருக்கிறார்.

"மூஞ்சியே தெரியல, கொண்டைதான் தெரியுது" என்றான் நாகேஷ்.

அவன் போன் சார்ஜில் கிடந்தது. மணி பார்க்க எடுத்தேன். வால்பேப்பரில் என் கொண்டை.