பயிற்சிப் பட்டியலில் என் பெயரை மீண்டும் சேர்க்கக் கோரி

அனுப்புநர்:
சாக்கு, கயிறு மொத்தக் கடை உரிமையாளர்,
நோயாளி அட்டை எண் 4417.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: மலக்குடல் புற்றுநோய் அறுவைக்குப் பின், மலம் அடக்கும் தசைப் பயிற்சி எனக்கு நிறுத்தப்பட்டது குறித்து.

மதிப்பிற்குரிய அம்மா,

1. கட்டியை எடுத்து என் உயிரைக் காப்பாற்றினீர்கள். மலம் வெளியேற வயிற்றில் வைத்த பையையும் நான்கு மாதம் முன்பு எடுத்துவிட்டு, குடலைச் சேர்த்தீர்கள். அதில் எனக்குக் குறையே இல்லை.

2. பை போனதிலிருந்து மலம் என் பேச்சைக் கேட்பதில்லை. நாளுக்குப் பதினான்கு தடவை. எழுந்து நிற்பதற்குள் வந்துவிடுகிறது. கட்டிலிலிருந்து கழிவறைக்கு ஒன்பது எட்டு நடை. என் உலகம் அவ்வளவுதான். கடையை மனைவி பார்க்கிறாள். நான் ஜன்னல் வழியாக லாரிச் சத்தம் கேட்டு, எந்தச் சரக்கு வருகிறதென்று கணிக்கிறேன்.

3. பதினோராம் அறையில் கருவி வைத்துத் தசையைப் பழக்கும் அம்மாவிடம் ஆறு வாரம் வந்தேன். முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்திவிட்டுத்தான் கிளம்புவேன். பதினான்கு, ஒன்பதாகக் குறைந்தது. ஏழாம் வாரம் பட்டியலில் பெயர் இல்லை. அட்டையில் “கட்டுப்பாடு சரியாகிவிட்டது” என்று எழுதியிருந்தது.

4. எழுதியவர் மேல் தப்பில்லை. சொன்னவன் நான். ஆறாம் வாரம், குடல் அறுவை முடிந்தவர்கள் வராந்தாவில் வரிசையாக நிற்க, செவிலியர், “அடக்க முடியுதா ஐயா, துணியில போயிடுதா?” என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டார். எனக்குப் பின்னால் நின்றவர் எங்கள் எதிர்க்கடைக்காரர். “ஒரு குறையும் இல்லம்மா, ஜோரா இருக்கேன்” என்றேன். சரக்கு தேங்கிக் கிடந்தாலும் எதிர்க்கடைக்காரரிடம் அப்படித்தான் சொல்வேன். முப்பது வருட வாய்ப்பழக்கம். அப்போது வேட்டிக்குள் டயாப்பர் கட்டியிருந்தேன்.

5. திருத்தக் கேட்டபோது, சரியானவருக்குப் பயிற்சி கிடையாது என்று எழுத்தர் சொல்லிவிட்டார். எண்ணிக்கை மறுபடி பதினான்கில் நிற்கிறது. இன்னும் இரண்டு மாதத்தில் தேறாவிட்டால் திரும்பவும் பைதான், இந்த முறை கடைசிவரை என்கிறார் மருத்துவர்.

ஆகவே, அந்த ஒரு வரியை அடித்துவிட்டு என்னைப் பதினோராம் அறைக்கு அனுப்ப ஆணையிடுமாறு வேண்டுகிறேன். நாளுக்கு எத்தனை தடவை என்ற பதினைந்து நாள் கணக்கை மறைக்காமல் எழுதி இணைத்துள்ளேன். இனி அந்தக் கேள்வியைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. என் எதிர்க்கடைக்காரரும் அன்று அதே கேள்விக்கு, “ஒரு குறையும் இல்ல” என்றுதான் சொன்னார். அவர் கடையிலும் இப்போது அவர் மனைவிதான் உட்காருகிறார். அவரையும் ஒருமுறை தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நாள்: மார்ச் 12
இடம்: வீடு

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
அட்டை எண் 4417