செல்லம்மா எண்ணிய தேங்காய்

ஆசைத் தம்பி சவரிக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. நேற்று உனக்காகப் பூசை வைத்தோம். சாமியார் உன்னை நல்ல பாடகர் என்றார். அவன் ஒருநாளும் பாடியதில்லை என்று கோவிலிலேயே எழுந்து சொன்னேன். உன் மனைவி மேரிக்கு என்மேல் கோபம். தப்பாகச் சொன்னால் எப்படிப் பேசாமல் இருப்பது, நீயே சொல்.

நீ மற்றவர்களின் சத்தத்தைச் சேர்த்தவன். நம் மைக் செட் கடையின் பின்னறையில், சிங்கப்பூரிலிருந்து வந்த ரிதம் மெஷினை வைத்துக்கொண்டு, திருப்பத்தூர்ப் பையன்கள் மூச்சுவிடாமல் பேசுவதைப் பதிவு செய்வாய். கீழே தாளம் போட்டு, ஹிப் ஹாப் என்பாய். நான் ரேடியோவைப் பிரித்துப் பிரித்துத் தானாகத் தொழில் கற்றவன். என் காதுக்கு அது பாட்டில்லை. இன்றைக்கும் இல்லை.

"ரசிக்கலேன்னாப் போகுதுண்ணே. நான் அங்குட்டுப் போனதும் சத்தத்தைக் குறைச்சிராதீக" என்பாய். என் செட்டில் நானே சத்தத்தைக் குறைப்பேனா?

சிங்கம்புணரிச் சந்தையில் தேங்காய் எண்ணுகிற செல்லம்மா அக்காவைப் பதிவு செய்தாயே. ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்கி, "ரெண்டேய், மூணேய்" என்று இழுப்பார். அந்த இழுப்பையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுத் தாளத்தை ஏற்றினாய். கேசட் போடுமுன் சந்தைக்குக் குழாய் ஸ்பீக்கரைக் கொண்டுபோய் அவருக்குப் போட்டுக் காட்டினாய். யார் குரலை எடுத்தாலும் அவர்கள் இடத்தில் அவர்கள்தான் முதலில் கேட்க வேண்டும், வேண்டாமென்றால் அழித்துவிட வேண்டும். அது உன் வழக்கம்.

செல்லம்மா கேட்டுவிட்டு, "மூணுக்கு மேல போகவே மாட்டேங்குதே, எப்பய்யா மூடை நிறையும்?" என்றார். சந்தையே சிரித்தது. "சரி, போட்டுக்க" என்றார்.

அதற்குப் பிறகு திருக்கோஷ்டியூர் போகிற பஸ்ஸிலெல்லாம் அந்தக் கேசட்தான். மெட்ராஸ் பாட்டுக் கம்பெனி கூப்பிட்டது. "ஆளுக எல்லாம் இங்குட்டுல்ல இருக்காக" என்று சொல்லி நீ போகவில்லை.

இப்போது மெட்ராஸே வந்தது. கம்பெனிக்காரர் ஒருவர் மூல டேப்பைக் கேட்டார். சி.டி. போடுவார்களாம், உன் பெயரைப் பெரிதாகப் போடுவார்களாம். செல்லம்மாவின் குரல் மட்டும் கரகரப்பாம். பாடகி ஒருத்தியை வைத்து மாற்றிக்கொள்வார்களாம். முடியாது என்றேன்.

மேரி அழுதாள். "அவுக பேரு நாலு பேருக்குத் தெரியட்டுமே, அத்தான். உங்களுக்குத்தான் அந்தப் பாட்டே ஆகாதே, அப்புறம் எதுக்குப் பூட்டி வச்சிருக்கீக?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. உன் பெயர்மேல் அவளைவிட யாருக்கு உரிமை? அதனால் நீ செய்வதையே செய்தேன். போன வாரம் மேரியையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போய், அதே இடத்தில் ஸ்பீக்கரைக் கட்டிப் போட்டேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

செல்லம்மா கையிலிருந்த காய்களைக் கீழே வைத்தார். "என் குரலை எடுக்கணும்னா எடுக்கட்டும். அந்தத் தம்பி இங்க வந்து, என் மூஞ்சியப் பாத்துக் கேட்டுச்சு. இவுகளும் வந்து கேக்கட்டும்."

மேரி அந்தக் காய்களை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு, "டேப்பு வீட்டுலயே இருக்கட்டும், அத்தான்" என்றாள்.

செல்லம்மா சொன்னதை எஸ்.டி.டி. பூத்திலிருந்து கம்பெனிக்குச் சொன்னேன். "தேங்காய்ச் சந்தைக்கெல்லாம் நாங்க எப்படி சார் வர்றது?" என்று வைத்துவிட்டார்கள்.

உன் பெயர் மெட்ராஸில் தெரியாமலே போகலாம். உனக்கு அது சம்மதம்தானா, சவரி? கேட்டுக்கொள்ள எனக்கு வழியில்லை.

அவர்கள் வந்து கேட்டால் டேப்பைக் கொடுப்பேன். வராதவரை, வருடாவருடம் உன் பூசைக்கு முந்தைய சந்தையில் நானே போடுவேன். பிடித்துப்போய் அல்ல. சத்தத்தையும் குறைக்க மாட்டேன்.

உன் பாட்டை இன்னும் ஒத்துக்கொள்ளாத,
உன் அண்ணன் அந்தோணி,
காரைக்குடி.