வெளுத்துப்போன கத்தரிக்காய்

அன்பு மகன் முஃதஸிமுக்கு ஸலாம். நானும் உன் உம்மாவும் அல்லாஹ் கிருபையால் சுகம், கத்தரிக்காய்தான் சுகமில்லாமல் கிடந்தது. ஹாலந்தில் குளிர் ஆரம்பித்துவிட்டதா, உன் வயிறு எப்படி என்று உம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

நீ சொன்னபடியே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பிளாஸ்டிக்கை, இப்போது காய்த்து நிற்கிற ஒரே கத்தரிக் கூடாரத்துக்குப் போர்த்தினேன், சிலிண்டர் வைத்துக் கரியமில வாயுவும் விட்டேன். அம்மான் நகரத்துக்குப் போகிற சாலையில் ஓடும் லாரியெல்லாம் அதை இலவசமாக ஊதித் தள்ளும்போது, விலைக்கு வாங்கிச் செடிக்கு ஊட்டிய முதல் மடையன் இந்தப் பள்ளத்தாக்கில் நான்தான். பொய் சொல்ல மாட்டேன், செடி வளர்ந்தது. இலை ஒவ்வொன்றும் தட்டு அகலம், காயும் எடை கூடுதல். நிறம்தான் டைபாய்டில் கிடந்து எழுந்த மாப்பிள்ளை மாதிரி. பதினோரு வருடமாக நம் காய் முழுவதையும் மக்தூஸ் ஊறுகாய்க்கு எடுக்கிற உம்மு காலிப் வந்து பார்த்தாள். "ஏன் முஃதஸிம் வாப்பா, காயைச் சோப்புப் போட்டுத் தேய்ச்சீங்களா? கறுப்பில்லாத மக்தூஸை எவ வாங்குவா? வியாழக்கிழமை வருவேன், இப்படியே இருந்தா நவ்வாஃப் தோட்டத்துக்குப் போயிடுவேன்" என்றாள். அன்று முழுக்க உம்மா என்னோடு பேசவில்லை. உன்னோடு மட்டும் போனில் சிரித்துப் பேசினாள்.

நான் பள்ளிக்கூடம் போனவனல்ல, நாற்பது வருடமாகக் காயைப் பார்க்கிறவன். இலை மறைத்த இடம் வெளுத்தே இருக்கும். சாயம் போடுவது வெயில் என்று தெரிய எனக்குப் பட்டம் எதற்கு? கத்தியை எடுத்து உன் பிளாஸ்டிக்கைக் கிழித்து இறக்கினேன். முதல் நாள் இலை நுனியெல்லாம் கருகியது. "இருந்ததும் போச்சு, சந்தோசமா?" என்றாள் உம்மா. மூன்றாம் நாள் காய் ஊதாவானது. வியாழன் காலையில் கறுத்து மினுங்கியது. உம்மு காலிப் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கொஞ்சம் குண்டு, உங்க மகன் மாதிரியே. பரவாயில்ல, ஏத்துங்க" என்றாள். மீதிக் கூடாரங்களுக்கு நீ அனுப்பிய பிளாஸ்டிக் சுருளை ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாக்கிவிட்டேன். ஆடு வெளுத்தால் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் உன் ஆராய்ச்சியோடு பேராசிரியர்கள் முன் நிற்கப்போகிறாயாம். எடையை மட்டும் காட்டிவிட்டு உட்காராதே, நிறத்தையும் சொல். வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் அறிவையும் ஆயுளையும் பெருக்கட்டும். காய்க்குச் சாயம் போடுவது வெயில் என்று யார் கண்டுபிடித்தது எனக் கேட்டால் 'உள்ளூர் விவசாயி ஒருவர்' என்று எழுதிவிடாதே. எனக்குப் பெயர் இருக்கிறது.

இப்படிக்கு உன் வாப்பா,
தைஃபல்லா ஸாலிம் முஃப்லிஹ்