மேனாம்பேடு மல்லிகா விரும்பிக் கேட்ட பாடல்

அன்புள்ள மல்லிகா அக்காவுக்கு,

உன்னைக் கொன்றது கூட்டம் இல்லை. பாம்பு என்று யாரோ கிளப்பிய புரளியும் இல்லை. பெண்கள் பகுதிக் கதவை வெளியிலிருந்து கம்பி போட்டுக் கட்டிய எங்கள் நற்பணி மன்றம்தான் கொன்றது. கட்டச் சொன்னவர் தலைவர். கட்டியவன் நான்.

இந்த ஐந்து வரியை எழுத எனக்குப் பதினோரு மாதம் ஆகியிருக்கிறது. நீ இருந்திருந்தால், "இத்தச் சொல்றதுக்காடா இத்தினி நாளு" என்று தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாய்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா ரேடியோவை அலமாரிக்கு மேலே ஏற்றித் துணி போட்டு மூடிவிட்டாள். பக்கத்து வீட்டில் பாட்டு வைத்தால் ஜன்னலைச் சாத்துகிறாள், சண்டைக்குப் போவதில்லை. கம்பெனியில் உன் தையல் மெஷினில் இப்போது திருவேற்காட்டிலிருந்து வரும் ஒரு பெண் உட்காருகிறாளாம். ஜெயந்தி சொன்னாள். உன் பக்கத்து மெஷின்காரி, அன்றும் உன் பக்கத்தில்தான் இருந்தாள். இப்போதெல்லாம் பஸ்ஸில் கூட்டம் இருந்தால் ஏறுவதில்லை. தொழிற்பேட்டை எஸ்டேட்டிலிருந்து மேனாம்பேடு வரை நடந்தே வருகிறாள்.

அடுத்த மாதம் மறுபடியும் இன்னிசை விழா. அதே ஏரிக்கரை மைதானம், அதே மூன்று நாள். நம் வீட்டுக்கு எதிர்ச் சுவரிலேயே போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். அதன் அடியில் சின்ன எழுத்தில் 'மறைந்த சகோதரிகளுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி' என்று இருக்கிறது. நீயும் உன்னோடு போன இன்னும் இரண்டு பேரும்தான் அந்தச் சகோதரிகள். பெயர் போட இடம் இல்லையாம்.

அதனால்தான் இப்போது எழுதுகிறேன். தகரத் தடுப்புக்கு உள்ளே நடந்தது உனக்குத் தெரியும். வெளியே நடந்தது தெரியாது.

பொங்கல், மாட்டுப் பொங்கல் இரண்டு நாளும் சின்னக் குழுக்கள் பாடின. அந்த இரண்டு நாளும் சில பேர் பெண்கள் பக்கம் புகுந்து தாவணியை இழுத்தார்கள், கிள்ளினார்கள். அவர்கள் யார் என்று மன்றத்தில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு பேர் மன்றத்துக்காரர்களே. மூன்றாம் நாள், காணும் பொங்கல் அன்று, சினிமாவில் பாடுகிறவர் வருகிறார் என்று ஆவடி, பூந்தமல்லி வரைக்கும் போஸ்டர் போயிருந்தது. மதியம் பந்தல்காரரைக் கூப்பிட்டுத் தலைவர் பெண்கள் பகுதியைச் சுற்றிச் சவுக்குக் கம்பம் நட்டுத் தகரம் அடிக்கச் சொன்னார். ஏரிப் பக்கத்து மூலையில் ஒரே ஒரு கதவு.

"உள்ள ரொம்பினதும் கதவக் கட்டிட்ரா சேகரு. நடுவுல போறேன் வரேன்னு எதுனா பொம்பள கதவத் தொறந்தா, பசங்க பூந்துடுவானுங்க. எல்லாம் அவுங்க சேப்டிக்குத்தான்" என்றார்.

கலாட்டா செய்தவனைக் கட்டவில்லை. உங்களைக் கட்டினோம். அன்று இது எனக்கு உறைக்கவில்லை. சட்டையில் வாலண்டியர் ரிப்பன் குத்தியிருந்தேன். அந்தப் பெருமையில் எதுவும் உறைக்காது.

ஐந்தரை மணிக்கு நீயும் ஜெயந்தியும் வந்தீர்கள். நீ தகரத்தைத் தட்டிப் பார்த்துச் சிரித்தாய்.

"இன்னாடா இது, மாட்டுக் கொட்டாய் மாதிரி கட்டி வெச்சிகீறீங்க. ஒண்ணுக்கு வந்தா இன்னா பண்றது?"

"மூணு மணி நேரம் அடக்கிகினு குந்து."

"உங்க தலைவர வந்து அடக்கிகினு குந்தச் சொல்லு" என்றாள் ஜெயந்தி. மூன்று பேரும் சிரித்தோம். அக்கா, அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடியிருந்தால் போதும். மூன்று மணி நேரம் ஒரு மனுஷி வெளியே வர வேண்டியிருக்கும் என்று யாராவது ஒருத்தர் யோசித்திருந்தால் போதும்.

உள்ளே போகுமுன் என்னிடம் ஒரு சீட்டு கொடுத்தாய். உனக்குப் பிடித்த மழைப் பாட்டின் முதல் அடியை எழுதி, கீழே 'மேனாம்பேடு மல்லிகா, ஜெயந்தி' என்று போட்டிருந்தாய். "மறக்காம மேடையில குட்துடுடா. மைக்ல எம்பேரு வரணும்" என்றாய். கொடுத்தேன். மேடை ஓரத்தில் இருந்த பையில் போடாமல் அறிவிப்பாளர் கையிலேயே கொடுத்தேன்.

சீட்டு விஷயத்தில் தலைவர் கறாரானவர். முந்தின வருஷங்களில் அவர்கள் தெருச் சீட்டை முதலில் படித்தாய், எங்கள் தெருச் சீட்டை விட்டுவிட்டாய் என்று அடிதடி நடந்திருக்கிறது. அதனால் முதலில் வந்த சீட்டுக்கு முதல் பாட்டு. புதிதாக வரும் சீட்டை அடுக்கின் அடியில்தான் வைக்க வேண்டும். யாருக்காகவும் மேலே வைக்கக் கூடாது. இன்னொரு விதியும் உண்டு. ஆளாளுக்கு மேடை ஏறக் கூடாது, என்ன சொல்வதானாலும் சீட்டில் எழுதித்தான் அனுப்ப வேண்டும்.

ஆறரைக்கு உள்ளே நிரம்பிவிட்டது. கட்டுக் கம்பியை இரட்டையாகப் போட்டு, கொறடால் மூன்று முறுக்கு முறுக்கினேன். லேத் பட்டறையில் வேலை செய்கிறவன் முறுக்கிய முறுக்கு. கையால் ஒருத்தனும் அவிழ்க்க முடியாது என்று பக்கத்தில் நின்றவனிடம் சொல்லிக்கொண்டேன். பிறகு மைக்செட்காரர் கேட்டார் என்று கொறடை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

மேடையில் இசைக்குழு பாடிக்கொண்டிருக்கும்போதே சினிமாப் பாடகரின் கார் வந்தது. உடனே ஆண்கள் கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்த தகரம் உள்பக்கமாக வளைவதை மேடைக்குக் கீழே நின்று பார்த்தேன். ஒரு கம்பம் சாய்ந்தது. தகரம் மேலே விழப் போகிறது என்று நீங்கள் எல்லாரும் எதிர்ப்பக்கம் நகர்ந்தீர்கள். எதிர்ப்பக்கம்தான் கதவு.

மேடைப் படிக்கு ஓடினேன். அங்கே நின்ற வாலண்டியர் கையை நீட்டி மறித்தான். "மேல வுடக் கூடாது மச்சான். சீட்டு குடு."

சீட்டு எழுதினேன். 'பெண்கள் பகுதியில் நெரிசல். பாட்டை நிறுத்தவும். ஆண்களைப் பின்னால் போகச் சொல்லவும்.' அவன் அதை வாங்கி மேலே கொடுத்தான். அறிவிப்பாளர் அதைப் பார்க்கவில்லை. கை பழகிய வேகத்தில் அடுக்கின் அடியில் செருகிவிட்டார்.

நான் நின்றேன் அக்கா. ஒரு பாட்டு முழுவதும் நின்றேன். இதோ இப்போது படிப்பார், இந்தச் சரணம் முடிந்ததும் படிப்பார் என்று நின்றேன். அத்தனை ஆயிரம் பேரை மைக் ஒன்றுதான் நிறுத்த முடியும் என்று நினைத்தேன். அது சரிதான். ஆனால் நின்றேன்.

பாட்டு முடிந்தபோதுதான் உங்கள் சத்தம் மேடை வரைக்கும் கேட்டது. அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டே மைக்கைப் பிடித்தார். "தாய்மார்கள் பக்கத்துல இருந்து ஒன்ஸ்மோர் சத்தம் காதப் பொளக்குது. தாய்மார்கள் கேட்டு இல்லன்னு சொல்ல முடியுமா?"

அதே பாட்டை மறுபடியும் தொடங்கினார்கள்.

நான் கதவுக்கு ஓடினேன். கொறடு இல்லை. கையால் முறுக்கைப் பிரிக்கப் பார்த்தேன். முதல் முறுக்கு கொஞ்சம் அசைந்தது, இரண்டாவது அசையவில்லை. கதவின் இடுக்கில் விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதில் உன் விரல் எது என்று எனக்குத் தெரியவில்லை. பந்தல்காரரின் ஆட்கள் கடப்பாரை கொண்டுவந்து பக்கவாட்டில் தகரத்தைப் பெயர்த்தார்கள். அதற்குள் ஒன்ஸ்மோர் பாட்டும் முடிந்திருந்தது.

கூட்டத்தில் மிதிபட்டு இறந்ததாகப் பேப்பரில் போட்டார்கள். உன் உடம்பில் ஒரு மிதி இல்லை. நீ விழவே இல்லை. சுற்றி நின்றவர்கள் தாங்கிப் பிடித்தது போல, நின்றபடியே போயிருந்தாய். ஜெயந்தி உன் கையைப் பிடித்திருந்தாள். "பேசிகினேதான் இருந்தா சேகரு. மூச்சு வரலடின்னா. அப்பறம் அதக்கூடச் சொல்லல" என்றாள்.

உன்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து ஆட்டோவில் ஏற்றும்போது பின்னால் மைக் பேசியது. "அடுத்து, மேனாம்பேடு மல்லிகா, ஜெயந்தி விரும்பிக் கேட்ட பாடல்." உன் பெயரைத் தெளிவாகச் சொன்னார்கள் அக்கா. உன் முறை ஒழுங்காக வந்தது.

மறுநாள் மன்றத்தில் ஒரு தாள் எழுதினார்கள். யாரோ பாம்பு என்று கத்த, பெண்கள் பயந்து ஓடியதில் நெரிசல். ஏரிக்கரை என்பதால் பாம்பு பொருத்தமாக இருந்தது. வாலண்டியர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன். கையில் கட்டு இருந்ததால் எழுத்து கோணலாக வந்தது. அதைப் பார்த்தும் யாரும் ஏன் கட்டு என்று கேட்கவில்லை.

கேள்வி கேட்டவர் நம்மைப் பெற்ற நைனா ஒருத்தர்தான். "பாம்பப் பாத்தியாடா நீ?"

"இல்ல நைனா."

"அப்பறம் இன்னாத்துக்குக் கையெழுத்துப் போட்ட?"

எழுந்து போய்விட்டேன். போன வாரம்தான் கம்பி விஷயத்தை அவரிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். எஸ்டேட் கம்பெனியின் கேட்டில் இத்தனை வருஷம் வாட்ச்மேனாக நின்றவர் வேறு மாதிரி கேட்டார்.

"ஒரே கதவா?"

"ஒரே கதவுதான்."

"உள்பக்கமா தொறக்கறதா, வெளிய தொறக்கறதா?"

"உள்பக்கமா."

நைனா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்ப கம்பி இல்லாங்காட்டியும் தொறந்திருக்காதுடா. எல்லாரும் வந்து அழுத்திகினு நிக்கசொல்ல, உள்ள எப்டி இழுப்ப? எங்க கம்பெனில ஷிப்ட் முடிஞ்சி சங்கு ஊதறதுக்கு முன்னயே ரெண்டு கதவையும் வெளிப்பக்கமா தொறந்து கொக்கி மாட்டிடுவேன். சங்கு ஊதினப்பறம் தொறந்தா ஆள் செத்துடுவான். இத எவனும் என்னாண்ட ஒரு வார்த்த கேக்கலியே."

அது ஆறுதலா, தீர்ப்பா? எனக்கு இன்னும் தெரியவில்லை. விழா நடந்த மைதானத்திலிருந்து நம் வீடு கூப்பிடு தூரம். ஒரு ஷிப்ட் ஆட்களை ஒரு கீறல் இல்லாமல் தினமும் வெளியே அனுப்பத் தெரிந்த மனுஷன் அந்த வீட்டில் இருந்தார். பாட்டுக்காரரைக் கூப்பிடத் தெரிந்த எங்களுக்கு அவரைக் கூப்பிடத் தோன்றவில்லை. உனக்காவது தோன்றியிருக்குமா?

ஞாயிற்றுக்கிழமை மன்றக் கூட்டத்துக்குப் போனேன். மேடை அலங்காரம், சீரியல் லைட், பாடகருக்கு மாலை எல்லாம் பேசி முடித்தார்கள். நான் எழுந்து, "இந்த வருஷமும் பொம்பளைங்க பக்கம் கதவக் கட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாடா புதுசாக் கேக்குற? கட்டினதே நீதான?"

சிலர் சிரித்தார்கள். சிலர் குனிந்துகொண்டார்கள். "ஆமா, நான்தான். அதனாலதான் கேக்குறேன்" என்றேன். இரண்டு கதவு வேண்டும், வெளிப்பக்கம் திறக்க வேண்டும், கம்பி கூடாது, கீழே நிற்கிறவன் கையிலும் ஒரு மைக் வேண்டும் என்றேன். யாரோ டீ சொல்லலாமா என்று கேட்டார்கள். டீ சொன்னார்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் என் கையெழுத்து பொய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கட்டியது நான், சொன்னது தலைவர் என்று பெயரோடு எழுதியிருக்கிறேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். என்ன செய்வார்கள் என்று தெரியாது. இந்தக் கடிதத்தையும் அச்சடித்து ஆவடி, பூந்தமல்லி வரைக்கும், போஸ்டர் போன இடமெல்லாம் கொடுக்கப் போகிறேன். கச்சேரிக்கு வரப் போகிறவர்கள் படிக்கட்டும். உள்ளே போகுமுன் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்க்கட்டும்.

உனக்கு ஒரு வாக்கு. காணும் பொங்கல் அன்று ரிப்பன் குத்திக்கொள்ள மாட்டேன். கொறடை யாருக்கும் இரவல் கொடுக்க மாட்டேன். அந்தக் கதவு அருகிலேயே நிற்பேன். யார் கம்பி போட்டாலும் வெட்டுவேன். நைனாவும் வருகிறேன் என்றிருக்கிறார். அன்று அவருக்கு டூட்டி இல்லை.

இந்த வருஷத்தின் முதல் சீட்டு என்னுடையது. நேற்றே தலைவர் கையில் கொடுத்துவிட்டேன். முதலில் வந்த சீட்டு அடியில் போக முடியாது, அவர் போட்ட விதிதான். படித்தார். நான்காக மடித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டது போல அந்தப் பக்கம் போய்விட்டார். அதில் எழுதியிருந்ததை இங்கேயும் எழுதுகிறேன்.

பெண்கள் பகுதிக்கு இரண்டு கதவு வையுங்கள். இரண்டையும் பாட்டு தொடங்குமுன் திறந்து வையுங்கள்.

விரும்பிக் கேட்பது,
மேனாம்பேடு மல்லிகாவின் தம்பி,
சேகர்